பெட்டியின் வலது ஓரம்

நாசரேத்தில் எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் எல்லாரும் டீச்சர் ஆனார்கள். நான் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன். கடை கிடையாது, போர்டு கிடையாது. ஒரு ஸ்கூட்டர், இரண்டு கேமரா, யார் கூப்பிட்டாலும் போகிற பிழைப்பு. சர்ச்சில் யாராவது விசாரித்தால் அம்மா குரலைத் தாழ்த்தி, "அவ போட்டோ சம்பந்தமா ஏதோ பண்ணுதா" என்பாள். எனக்கு என்னமோ தீராத வியாதி வந்துவிட்ட மாதிரி.

காலையில் துறைமுகத்துக்குள் வேலை இருக்கும். ஹெல்மெட்டும் ஆரஞ்சு சட்டையும் மாட்டிக்கொண்டு, கப்பலில் நனைந்து வந்த முந்திரி மூட்டைகளை இன்ஷூரன்ஸுக்காகப் படம் எடுப்பேன். சர்வேயர் விரலை நீட்டுவார், நான் அமுக்குவேன். எனக்குப் பிடித்த வேலை அதுதான். நனைந்த மூட்டை "என் கழுத்து ஏன் குட்டையா தெரியுது?" என்று கேட்காது. மத்தியானம் உப்பளத்துக்குப் போனால் கல்யாண ஜோடி ஒன்று உப்புக் குவியல் மேல் ஏறி நின்று காஷ்மீர் என்று நினைத்துக்கொள்ளும். மாப்பிள்ளைக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தால் உப்பு ஏறி அலறுவான். பெண் அதற்கும் சேர்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை எடுத்துக் கொடுத்தால் "ரொம்ப நேச்சுரலா இருக்கு அக்கா" என்பார்கள். சாயங்காலம் ஒரு சடங்கு வீடோ, பிறந்த நாளோ இருக்கும். எல்லாரும் ஒரே மாதிரிப் பல்லைக் காட்டுவார்கள். வீட்டுக்கு வந்து அத்தனை பல்லையும் வெள்ளையாக்குவேன்.

இந்தத் தொழிலில் ஓரம் என்று ஒன்று உண்டு. அங்கே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. குடும்பமாக நிற்கவைத்து எடுக்கும்போது, நிலைப்பார்களா மாட்டார்களா என்று சந்தேகமுள்ள ஆட்களை ஓரத்தில் நிறுத்துவோம். நிச்சயம் மட்டும் ஆன மாப்பிள்ளை, கோர்ட்டில் கேஸ் நடக்கிற மருமகள், பாகம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்ட சித்தப்பா. நாளைக்கு அந்த ஆள் வேண்டாம் என்று ஆகிவிட்டால் நறுக்கென்று வெட்டிவிடலாம். நடுவில் நின்ற ஆளை அழித்தால் ஓர் இடைவெளி விழும். வருகிறவன் போகிறவன் எல்லாம் "இங்கன யாரு நின்னா?" என்று கேட்பான். ஓரத்தை வெட்டினால் ஒரு கேள்வியும் வராது. கல்யாண வீட்டில் பெரியவர்கள் என் காதருகே வந்து, "அந்தப் புள்ளைய ஓரமா நிப்பாட்டும்மா" என்பார்கள். நானும் அந்தப் பெண்ணிடம் போய், "கொஞ்சம் தள்ளி நில்லு தங்கச்சி, அங்கன வெளிச்சம் நல்லா இருக்கு" என்பேன். வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அந்தப் பெண் நம்பிச் சிரித்துக்கொண்டே நகர்வாள். இத்தனை வருஷத்தில் இதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. வேலை என்றால் வேலை.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். பேசியவருடைய கல்யாணத்தை நான்தான் எடுத்திருந்தேன். அப்பா தவறிவிட்டார், பெட்டிப் போட்டோ எடுக்க வேண்டும், சீக்கிரம் வாருங்கள் என்றார். சாகுபுரம் தாண்டும்போது வெயில் முதுகில் ஏறிவிட்டது. ஊருக்குள் நுழையும்போது மாதா கோயிலில் துக்க மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் அடக்கத்துக்குக் கிளம்பும் முன்னால் குடும்பம் முழுவதும் சவப்பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அது பெரிதாக்கிச் சட்டம் போடப்பட்டு வீட்டு ஹாலில் ஏறும். அந்த வீட்டிலும் தாத்தாவின் பெட்டி, பாட்டியின் பெட்டி, வாலிபத்திலேயே கடலில் போன ஒரு சித்தப்பாவின் பெட்டி என்று வரிசையாகத் தொங்கின. சுற்றி நிற்கிற முகங்கள்தான் முக்கியம். பெண் பார்க்க வருகிறவர்கள் சுவரைப் பார்த்துத்தான் யார் யார் இந்த வீட்டு ஆட்கள் என்று தெரிந்துகொள்வார்கள்.

பந்தலில் மூத்த மகன், எனக்குப் போன் செய்தவர், வருகிறவர்களிடமெல்லாம் அப்பாவின் சாவைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவருக்குச் சர்க்கரை. இடது காலில் புண் வந்து அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் பிழைப்பார் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். பெரியவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"ரெண்டு காலோட கடலுக்குப் போனேன், ரெண்டு காலோடதான் பெட்டிக்குள்ள படுப்பேன்னு சொல்லிட்டாரு எங்கப்பா. கடைசி வரைக்கும் காலைக் குடுக்கலியே!" என்று மகன் மார்பில் அடித்துக்கொண்டார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

பெட்டியை மட்டும் முதலில் தனியாக எடுத்தேன். அது என் வழக்கம், கூட்டம் சேர்ந்துவிட்டால் நெருங்க முடியாது. தலைமாட்டில் இரண்டு செங்கல்லை வைத்து முகம் தெரிகிற மாதிரி கொஞ்சம் தூக்கியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஜெபமாலை, இரண்டு காலிலும் வெள்ளைச் சாக்ஸ். இடது சாக்ஸ் மட்டும் உள்ளே கட்டு இருந்ததால் புடைத்துக்கொண்டிருந்தது. தலை இடது பக்கம், கால் வலது பக்கம்.

முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனால் அவளைப் பிடித்துக்கொண்டு அழ ஒருத்தியும் பக்கத்தில் இல்லை. செத்தவருடைய ஒரே மகள் என்று அவளே சொன்னாள். வயல்காட்டு ஊர்க்காரன் ஒருத்தனை, வேறு சாதி, வேறு மதம், ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அன்றிலிருந்து அண்ணன்மார் இருவரும் அவளை வீட்டுக்குள் விடவில்லை. இன்றைக்கும் புருஷனை ஊர் எல்லையில் பைக்கோடு நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"யக்கா, நீங்க ஹால் சுவத்தப் பாத்தியளா? அங்கன சின்னப் பிள்ளையில கோயில்ல வெள்ளைக் கவுனு போட்டு எடுத்த என் புதுநன்மைப் படம் இருந்துச்சு. எடுத்துட்டாங்க. ஆணி மட்டும் இருக்கு" என்றாள். "இன்னைக்கு அப்பாகூட எடுக்கிற படத்துல என்னையும் ஒரு எடத்துல நிக்க வப்பியளா? அது அந்தச் சுவத்துல தொங்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"உனக்குத் தனியா ஒரு காப்பி போட்டுத் தாரேன்" என்றேன், பேச்சை முடிப்பதற்காக.

"எங்க வீட்டுல மாட்டினா அது வெறும் படம் யக்கா. இங்கன தொங்குனாத்தான் நான் மவ."

எனக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. யாராவது மனதைத் திறந்து காட்டினால் நான் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். சரி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்கு வந்தேன்.

மூத்த மகன் என்னை எதிர்பார்த்து நின்றார். "மேடம், எங்க தங்கச்சின்னு ஒருத்தி வந்திருக்கா. ஊருக்கு முன்னால விரட்டுனா நல்லா இருக்காது. நிக்கட்டும். ஓரத்துல நிக்கட்டும். உங்களுக்குத் தெரியும்லா" என்று கண்ணைச் சிமிட்டினார். அப்பனின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணைச் சிமிட்டினார்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் மேல் இரக்கம் என்று சொன்னால் பொய். என் தொழிலின் சூட்சுமத்தை ஒருத்தன் எனக்கே சொல்லிக்கொடுத்து, கூட்டாளி மாதிரிக் கண்ணும் சிமிட்டுகிறான் என்கிற எரிச்சல்தான். சரி மகனே, ஓரத்திலேயே நிற்கட்டும், நீ எப்படி வெட்டுகிறாய் என்று பார்க்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன். தலைமாட்டில் மூத்தவர், அவருக்கு அடுத்து அம்மா, இளையவர், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். கடைசியாக அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வலது ஓரத்தில், கால்மாட்டில் நிறுத்தினேன். அண்ணன்மார் முகத்தில் திருப்தி. சேலையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து அவள் காதில் சொன்னேன்.

"சும்மா நிக்காத. நான் ரெடின்னு சொன்னதும் குனிஞ்சு அப்பா காலு ரெண்டையும் சேத்துப் பிடிச்சுக்கோ. விடாத."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. ரெடி என்றேன். குனிந்து இரண்டு காலையும் கட்டிப்பிடித்து, சாக்ஸ் மேல் கன்னத்தை வைத்துவிட்டாள். இரண்டு கைகளும் கெண்டைக்காலைச் சுற்றி, தலை பெட்டிக்குள். அப்பாவின் காலைப் பிடித்து அழுகிற மகளை ஊரே பார்க்கிறது, யார் என்ன சொல்ல முடியும்? கூட்டத்தில் இரண்டு கிழவிகள் "ஏ மாதாவே" என்று ஒப்பாரியே எடுத்துவிட்டார்கள். மூத்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். நான் நிதானமாக ஐந்தாறு எடுத்தேன். எனக்கு ஒரே குஷி. துக்க வீட்டில் குஷியாக இருந்தேன் என்பது கேட்க நன்றாக இருக்காது, ஆனால் இருந்தேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மூத்தவர் தூத்துக்குடியில் என் வீட்டுக்கு வந்தார். நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வலது ஓரத்தை வெட்டிவிட்டு, பெரிதாகப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, வெட்டுகிற கோட்டை ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே நகர்த்திக் காட்டினேன். அவளுடைய முதுகு போனது. தோள் போனது. தலை போக வேண்டுமானால் பெரியவருடைய பாதம் போக வேண்டும். கைகளும் போக வேண்டுமானால் முழங்கால் வரைக்கும் போக வேண்டும்.

"வெட்ட முடியாது அண்ணாச்சி. வெட்டுனா அப்பா காலும் சேந்து போயிரும்" என்றேன். குரலில் வருத்தம் இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டேன்.

"அவள மட்டும் அழிங்க."

"அவ கையி ரெண்டும் காலைச் சுத்தி இருக்கே. அதுக்கு அடியில இருக்கிற காலு படத்துல இல்லியே. எதை வச்சு வரைய?"

அவர் நம்பவில்லை. படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு, அதில் ஆளை அழிக்கிற வசதியில் தங்கச்சியின் மேல் விரலால் தேய்த்தார். போன் கொஞ்ச நேரம் சுற்றியது. அவள் போய்விட்டாள். பெரியவருக்குக் கால் இருந்த இடத்தில் பிசைந்த மைதா மாவு மாதிரி ஒன்று வந்திருந்தது. இன்னொரு தரம் தேய்த்தார். இந்தத் தடவை மூன்று கால் வந்தது.

முடியாது என்று நான் சொன்னது சுத்தப் பொய். தனியாக எடுத்த பெட்டிப் படத்தில் இரண்டு காலும் முழுசாக இருந்தன. அதிலிருந்து எடுத்து ஒட்டினால் முடிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலைக் கொடுக்காமல் செத்தவருடைய மகன், பந்தலில் மார்பில் அடித்துக்கொண்ட மகன், இனி என்ன செய்வான், தங்கச்சியோடு மாட்டித்தானே ஆக வேண்டும்.

அவர் போனைப் பைக்குள் போட்டார்.

"காலு போனாப் போவட்டும் மேடம். முட்டுக்கு மேல வெட்டிக் குடுங்க. மொகந்தான முக்கியம்."

டாக்டர்கள் கெஞ்சியும் கிடைக்காத காலை இந்த ஆள் உட்கார்ந்த இடத்தில் கொடுத்துவிட்டான். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் சட்டத்தின் அளவைத்தான் கேட்டுக் குறித்துக்கொண்டேன். முப்பதாம் நாள் பூசைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒன்றைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். என் மூக்கை நானே உடைத்துக்கொண்டேன். வெட்டாமல் ஒரு வாரம் இழுத்தடித்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

அதற்குள் அந்தத் தங்கச்சி போன் செய்தாள். அம்மா அவளிடம் பேசினாளாம். எத்தனையோ வருஷம் கழித்து அம்மாவே கூப்பிட்டதும் என்னமோ ஏதோ என்று ஆசையாக எடுத்திருக்கிறாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'ஏளா, உசுரு போறப்பக்கூட அவரு காலை விடல. நீ பிடிச்ச பிடியில இப்ப வெட்டப் போறாங்க. இதுக்குத்தான் வந்தியா'ன்னு கேட்டா யக்கா."

நான் மேஜைமேல் கிடந்த லென்ஸை எடுத்துத் துடைத்தேன்.

"பிடிக்கச் சொன்னது நீங்கதான்னு நான் சொல்லல" என்றாள். குத்திக்காட்டுகிற குரலில் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. "யக்கா, உண்மையச் சொல்லுங்க. என்னை அழிச்சிட்டு, அப்பா காலை மட்டும் கொண்டாந்துர முடியுமா?"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணனிடம் அவ்வளவு சுளுவாக வந்த பொய் அவளிடம் வரவில்லை.

"முடியும்" என்றேன்.

"அப்பம் அழிச்சிருங்க. அவரு முழுசா இருக்கட்டும்."

"உனக்கு அந்தச் சுவரு வேணும்னு சொன்னியே."

"வேணும்தான். அதுக்காவ அவர முடமாக்கியா தொங்கவிடச் சொல்லுதிய?"

"கொஞ்ச நாள் போவட்டும். உங்க அண்ணன்ட்ட நான் பேசிப் பாக்கேன்."

"அவன் கேக்க மாட்டான். கேக்குறவனா இருந்தா காலைக் குடுத்திருக்க மாட்டான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்தேன். ஆட்களை அழிப்பது எனக்குக் கைவந்த வேலை. கல்யாணப் படங்களில் பின்னால் நின்று சோறு தின்றுகொண்டிருந்தவர்களைக் கணக்கில்லாமல் அழித்திருக்கிறேன். முதலில் அவளுடைய முதுகையும் சேலையையும் எடுத்தேன். பந்தல் துணியை இழுத்து அந்த இடத்தை மூடினேன். பிறகு தலைமுடி. தனிப் படத்திலிருந்து காலை வெட்டியெடுத்து வைத்தேன், வெளிச்சம் கொஞ்சம் மாறியிருந்ததால் அதைச் சரிக்கட்ட நேரமானது. கடைசியில் விரல்கள். ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது, அந்த அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். பெட்டியின் பளபளப்பான பலகையில் அவள் சேலையின் நிறம் லேசாக விழுந்திருந்தது. அதையும் துடைத்தேன். வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அழுதுகொண்டே செய்தேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. அந்த அண்ணனையும் என்னையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே செய்தேன்.

மூத்தவர் வந்து படத்தைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார், எட்ட நின்று பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"முடியாதுன்னு சொன்னியளே மேடம். பாருங்க, மனசு வச்சா முடியுதுல்லா!"

முப்பதாம் நாள் பூசையை எடுக்கவும் என்னையே கூப்பிட்டார்கள். போக வேண்டாம் என்று நினைத்தேன், போனேன். பூசை முடிந்து ஆண்களெல்லாம் கல்லறையில் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் பங்குச் சாமியாரோடு போய்விட்டார்கள். நான் ஹாலில் கேமராவுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். படம் பெரிய சட்டத்துக்குள் சித்தப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கியது. மாலை போட்டிருந்தார்கள்.

அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அடுப்படியில் நின்ற அம்மா பார்த்தாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பானையைக் கிண்டத் திரும்பிக்கொண்டாள். இவள் நேராகச் சுவரிடம் போனாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். பிறகு வலது பக்கம் நகர்ந்து, அந்த இரண்டு வெள்ளைச் சாக்ஸையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பேட்டரி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

"சுத்தமா பண்ணியிருக்கிய யக்கா" என்றாள், திரும்பாமலே. "நான் நின்ன தடமே தெரியல."